ஒரு சிறுவன், விழுந்த குதிரை, மூன்று விளக்கங்கள்: உளவியல் கோட்பாடுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவரை நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வார்: பாவ்லவ் என்றால் நாய், தார்ன்டைக் என்றால் பூனை, கோலர் என்றால் சிம்பன்சி, ஸ்கின்னர் என்றால் எலியும் புறாவும். நானும் அப்படித்தான் படித்தேன். மதிப்பெண் வந்தது, விஷயம் வரவில்லை. ஒருவருக்கு நாயே போதுமாக இருந்தது ஏன், இன்னொருவர் கூண்டு எதுவும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து மனிதர்கள் பேசுவதை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது ஏன் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

எலியைப் பார்த்து மனிதனைப் புரிந்துகொள்ளலாம் என்று ஒருவர் தீர்மானிக்கும்போதே, மனிதன் என்பவன் யார் என்பதற்கு அவர் பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறார். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்ட அந்தப் பாதியைத்தான் இங்கே அனுமானம் என்கிறேன். பாடநூல்கள் மீதிப் பாதியை விரிவாகத் தருகின்றன. முதல் பாதியை நாமே தோண்டி எடுக்க வேண்டும். எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கோட்பாடுகளை வரிசையாகப் படிக்காதீர்கள். ஒரு சம்பவத்தை எடுத்து, அதை எல்லாக் கோட்பாடுகளிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதற்கென்றே அமைந்ததுபோல உளவியல் வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது.

1908-ஆம் ஆண்டு, வியன்னா. ஐந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் தெருவுக்கு வர மறுத்தான். குதிரை கடித்துவிடும் என்று பயம். குதிரைவண்டிகள் ஓடிக்கொண்டிருந்த ஊரில் குதிரைக்குப் பயந்தவன் எங்கே போவான்? போதாக்குறைக்கு, வீட்டுக்கு எதிரிலேயே பாரவண்டிகள் வந்து சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு. அவனுடைய அப்பா இசை விமர்சகர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் வட்டத்தைச் சேர்ந்தவர். மகன் சொன்னதையெல்லாம் குறித்து ஃப்ராய்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சிகிச்சைக் காலத்தில் ஃப்ராய்டு பையனை நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. மறு ஆண்டு ‘சின்ன ஹான்ஸ்’ என்ற மாற்றுப் பெயரில் இந்த வரலாற்றை வெளியிட்டார்.

எல்லாக் குதிரையும் அவனுக்கு ஒன்றல்ல. கண்மறைப்பு மாட்டிய குதிரை, வாயைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும் குதிரை, கனத்த பாரம் இழுக்கும் குதிரை ஆகியவற்றைக் கண்டால்தான் அதிக நடுக்கம். ஒருநாள் பயணிகள் வண்டியை இழுத்துவந்த பெரிய குதிரை ஒன்று விழுந்து கால்களை உதறிக்கொண்டதை அவன் பார்த்திருந்தான். செத்துவிட்டது என்றே நினைத்தான். அப்போதுதான் தனக்கு இது வந்தது என்று அவனே சொன்னான். தன் பயத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘அசட்டுத்தனம்’.

ஃப்ராய்டு சொன்னது: குதிரை என்பது அப்பா. வாயைச் சுற்றிய கறுப்பு அப்பாவின் மீசை, கண்மறைப்பு அவருடைய மூக்குக் கண்ணாடி. அம்மா தனக்கு மட்டுமே வேண்டும் என்ற ஆசை, அதற்குக் குறுக்கே நிற்கும் அப்பாமீது பகை, அவர் தண்டிப்பார் என்ற அச்சம். அப்பாவிடம் காட்ட முடியாத அச்சம் குதிரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

1960-இல் நடத்தையியல் வழிவந்த ஜோசப் வோல்ப்பியும் ஸ்டான்லி ராக்மனும் இதே வரலாற்றை எடுத்து வேறு விதமாக வாசித்தார்கள். கண்முன்னே ஒரு பெரிய குதிரை விழுந்து துடித்தது, பையன் அரண்டுபோனான். அந்த அரட்சி குதிரை, வண்டி, பாரம் என்று அதைச் சார்ந்தவற்றுக்கெல்லாம் பரவியது. குதிரை குதிரைதான், மீசை எதற்கு?

1973-இல், தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பி மூன்றாவதாக ஒரு விளக்கம் தந்தார். குதிரைப் பயம் தொடங்குவதற்கு முன்பே, அம்மா போய்விட்டதாகக் கனவு கண்டு பையன் அழுதபடி எழுந்திருக்கிறான். வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அம்மா மிரட்டியதும் உண்டு. ஆகவே தெருவுக்குப் போகப் பயம் என்பதன் அடியில், திரும்பி வரும்போது அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் இருக்கிறது.

பையனின் சொற்கள் மூவருக்கும் ஒன்றுதான். குழந்தை என்பது உள்ளே கொதிக்கும் ஆசைகளின் மூட்டை என்று ஃப்ராய்டு முன்பே நம்பினார். வோல்ப்பிக்கும் ராக்மனுக்கும் உள்ளே தேட வேண்டியது எதுவும் இல்லை, குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்பதே போதும். குழந்தை பிறக்கும்போதே யாரையாவது பற்றிக்கொள்ளும் உந்துதலோடு பிறக்கிறது என்று பௌல்பி கருதினார். அவரவர் நம்பிக்கைக்குத் தோதான வாக்கியம் அவரவர் கண்ணில் பட்டது.

இந்த மூன்று வாசிப்புகளையும் நிதானமாக மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கோட்பாட்டுக்குள் இருக்கும் உவமையைத் தேடுங்கள்

ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் அடியில் ஓர் உவமை ஓடுகிறது. ஆசிரியர் அதை உவமை என்று சொல்ல மாட்டார். வினைச்சொற்களைப் பார்த்தால் பிடிபடும்.

ஃப்ராய்டிடம் அழுத்தப்படுகிறது, தேங்குகிறது, வேறு வழியில் பீறிடுகிறது. இளமையில் அவர் வேலை செய்தது எர்ன்ஸ்ட் ப்ரூக்கெயின் உடலியல் ஆய்வகத்தில். ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறும் என்ற இயற்பியல் ஆட்சி செய்த காலம் அது. அவருடைய மனிதன் ஒரு கொதிகலன். மூடியைத் திறந்தால் விபத்து, திறக்காவிட்டாலும் விபத்து.

வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்ற நடத்தையியலைத் தொடங்கிய ஜான் வாட்சனுடைய உவமை களிமண். ஆரோக்கியமான ஒரு டஜன் குழந்தைகளைத் தாருங்கள், எவனை வேண்டுமானாலும் மருத்துவனாகவோ வழக்கறிஞனாகவோ பிச்சைக்காரனாகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுகிறேன் என்று 1924-இல் அவர் விட்ட சவாலை எல்லா வழிகாட்டி நூல்களும் மேற்கோள் காட்டுகின்றன. அதற்கு அடுத்த வாக்கியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. என்னிடம் உள்ள சான்றுகளைத் தாண்டித்தான் பேசுகிறேன், ஆனால் எதிர்த் தரப்பாரும் காலங்காலமாக அதையே செய்கிறார்கள் என்று அதில் அவரே ஒப்புக்கொள்கிறார். புகழ்பெற்ற மேற்கோள் எதைக் கண்டாலும் அடுத்த வாக்கியத்தையும் தேடிப் படியுங்கள். அனுமானம் பல சமயம் அங்கேதான் வாயைத் திறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது உளச்சிகிச்சையாளர் கார்ல் ராஜர்ஸின் உருளைக்கிழங்கு. அவருடைய சிறுவயதில் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்கென்று உருளைக்கிழங்கைத் தொட்டியில் போட்டு வைப்பார்கள். மண் இல்லை, நீர் இல்லை. பல அடி உயரத்தில் ஒரே ஒரு சின்னச் சன்னல். அந்த இருட்டிலும் கிழங்குகள் முளைவிடும். மண்ணில் வளரும் பச்சைத் தளிர் போலன்றி, வெளிறி, மெலிந்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அந்தச் சன்னல் வெளிச்சத்தை நோக்கி நீளும். அவை ஒருநாளும் செடியாகப் போவதில்லை, ஆனாலும் முயல்வதை நிறுத்துவதில்லை. மனநல மருத்துவமனைகளின் பின்கட்டு வார்டுகளில் வாழ்க்கை கோணிப்போன மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிழங்குகள் நினைவுக்கு வந்ததாக ராஜர்ஸ் எழுதினார். மனிதனுக்குள் வளர்ச்சியை நோக்கிய உந்துதல் இருக்கிறது, சூழல்தான் அதைக் கோணலாக்குகிறது என்ற அவருடைய முழுக் கோட்பாடும் அந்த நிலவறையில் இருக்கிறது. அவர் கண்டிப்பான புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் வளர்ந்தவர், போதகராகப் பயின்று பாதியில் விலகியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனிதன் பிறப்பிலேயே பாவி என்ற போதனைக்கு அந்த வெளிறிய முளைகள் ஒரு மறுமொழி.

நினைவு, சிந்தனை போன்றவற்றை ஆராயும் அறிதல்சார் உளவியலின் உவமை எளிது: கணினி. உள்ளீடு, சேமிப்பு, மீட்டெடுப்பு. அதன் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும்.

யாரைப் பார்த்து எழுதினார்கள்?

இதைக் கேட்டாலே பாதி மர்மம் விலகிவிடும். ஃப்ராய்டுக்கு முன்னால் படுத்திருந்தவர்கள் துன்பம் தாங்காமல் வந்த நோயாளிகள். ஸ்கின்னரின் பெட்டிக்குள் இருந்தவை பட்டினி போட்டு எடை குறைக்கப்பட்ட எலிகளும் புறாக்களும். பசித்த பிராணி, நெம்புகோல் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத பெட்டி: அங்கே நடத்தை முழுவதும் தீனியைச் சுற்றி வந்தால் வியக்க என்ன இருக்கிறது? ஆபிரகாம் மாஸ்லோ நேர் எதிர்த்திசையில் போனார். லிங்கன், ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட் என்று தாம் மதித்த மனிதர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, அவர்களிடம் பொதுவாக இருப்பது என்ன என்று பார்த்தார். மனிதனின் உச்சம் உயர்வாகத் தெரிந்ததில் அந்தத் தேர்வுக்கும் பங்கு உண்டு. (போகிற போக்கில் ஒன்று: மாஸ்லோ பெயரைக் கேட்டதும் நாம் வரையும் ‘தேவைகளின் படிநிலை’ பிரமிடு, அவருடைய 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிடையாது. தேர்வில் வரைந்துவிட்டு வாருங்கள், மதிப்பெண் முக்கியம்.)

ஊரும் கணக்கில் வரும். கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அப்பா தண்டித்து ஆண்மை பறிபோகும் என்ற அச்சம் ஐரோப்பியர்களிடம் தெரிகிற அளவுக்குத் தம் இந்திய நோயாளிகளிடம் தெரியவில்லை என்று அவருக்கே எழுதினார். வியன்னாவின் அப்பா எல்லா ஊருக்கும் அப்பாவா என்ற சந்தேகம் அவ்வளவு பழையது. 2010-இல் ஜோசப் ஹென்ரிச்சும் இரு சக ஆய்வாளர்களும் இதை விரிந்த அளவில் எழுப்பினார்கள்: உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள், அதிலும் கல்லூரி மாணவர்கள். அவர்களைப் பார்த்து எழுதியதை ‘மனிதன்’ என்று தலைப்பிட்டுவிடுகிறோம்.

மருந்துச் சீட்டைப் படியுங்கள்

கோட்பாட்டுப் பகுதி புரியாவிட்டால் நேராகச் சிகிச்சைப் பகுதிக்குப் போய்விடுங்கள். என்ன செய்யச் சொல்கிறார் என்று பார்த்தால், மனிதனை என்னவாக நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் பீட்டர் என்ற குழந்தையின் முயல் பயத்தைப் போக்கினார். குழந்தை பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டில் அடைத்த முயலை அறையின் கோடியில் வைப்பது, பிறகு நாளுக்கு நாள் சற்று அருகில் கொண்டுவருவது. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். ஏன் பயந்தாய் என்று யாரும் அவனை விசாரிக்கவில்லை. பயம் ஒரு பழக்கம், வந்த வழியே அதை அனுப்பிவிடலாம் என்பது அனுமானம்.

ராஜர்ஸின் அறையில் அறிவுரை கிடையாது. நேர்மையாக இருப்பது, நிபந்தனையில்லாமல் ஏற்பது, எதிரில் இருப்பவரின் கண்வழியே பார்ப்பது ஆகியவை போதும், மாற்றத்தை அவரே செய்துகொள்வார். ஆரன் பெக் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று, அதை நிரூபிக்கப் புறப்பட்டு, வேறிடத்துக்கு வந்து சேர்ந்தவர். மனச்சோர்வுற்றவரிடம், ‘அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் சட்டென்று ஓடிய எண்ணம் என்ன, அதற்குச் சான்று என்ன?’ என்று கேட்கச் சொன்னார். தன் எண்ணத்தைத் தானே சோதித்துப் பார்க்கக்கூடிய பிராணி மனிதன் என்பது அதன் அடியில் இருக்கிறது.

இதே பார்வையை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கொண்டுபோகலாம். டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் மேலாளர்களின் அனுமானங்களை இரண்டாகப் பிரித்தார். தொழிலாளி வேலையைத் தட்டிக்கழிப்பவன், ஆகவே கண்காணி என்பது எக்ஸ் கோட்பாடு. பொறுப்பைத் தந்தால் ஏற்றுக்கொள்வான் என்பது ஒய் கோட்பாடு. வகுப்பில் ‘நன்றாகச் செய்தால் ஸ்டார்’ என்று ஒட்டுகிற நாமும் ஒரு கோட்பாட்டைத்தான் ஒட்டுகிறோம். மார்க் லெப்பரும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, அந்தக் குழு மற்றக் குழுக்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது.

எங்கே இடறியது என்று பாருங்கள்

கோட்பாடு வென்ற கதைகள் பாடநூலில் இருக்கும். தோற்ற கதையை நீங்கள் தேட வேண்டும்.

கெல்லர் ப்ரீலண்டும் மரியன் ப்ரீலண்டும் ஸ்கின்னரிடம் பயின்றவர்கள். கற்றதை வைத்துத் தொழில் தொடங்கி, கண்காட்சிகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஆயிரக்கணக்கான பிராணிகளைப் பழக்கினார்கள். ரக்கூன் என்ற வட அமெரிக்கப் பிராணி ஒன்றுக்கு நாணயத்தை எடுத்து உண்டியல்போன்ற பெட்டியில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். நாணயத்தை எடுப்பதை அது எளிதாகக் கற்றுக்கொண்டது. ஆனால் பெட்டிக்குள் போடும்போது அதைக் கைவிட மனம் வரவில்லை. பெட்டியின் உட்புறத்தில் நாணயத்தைத் தேய்க்கும், வெளியே எடுக்கும், சில நொடிகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒருவழியாகப் போட்டுவிட்டுத் தீனி வாங்கும். சரி, இனி இரண்டு நாணயம் என்றார்கள். அங்கேதான் வினை. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கத் தொடங்கியது. பெட்டிக்குள் முக்கும், எடுக்கும், மறுபடி தேய்க்கும். பரம கஞ்சன் காசை எண்ணுவதுபோல நிமிடக்கணக்கில். தீனி வரவில்லை, பசியோ இருக்கிறது, ஆனால் தேய்ப்பது நாளுக்கு நாள் கூடியது.

ரக்கூன் இயற்கையில் நண்டு போன்றவற்றைக் கையால் தேய்த்துத்தான் தின்னும். தீனியோடு சேர்த்துப் பழக்கியதும் நாணயம் அதற்குத் தீனியாகிவிட்டது. வலுவூட்டப்படாத, அதாவது பலன் கிடைக்காத, செயல் மறைந்துவிட வேண்டும் என்ற விதியை ஒரு சின்னப் பிராணி காசைத் தேய்த்துத் தேய்த்தே மறுத்தது. 1961-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, ஸ்கின்னருடைய நூலின் பெயரையே திருப்பி, ‘உயிரிகளின் கோணல் நடத்தை’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். மறுப்பு எதிரிகளிடமிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள், சொந்த மாணவர்களே வந்து சொல்கிறார்கள். எந்தப் பிராணியும் வெற்றுப் பலகையாகப் பெட்டிக்குள் வருவதில்லை.

ஹாரி ஹார்லோ 1958-இல் வெளியிட்ட குரங்குக் குட்டிகள் ஆய்வு இன்னொரு இடறல். குழந்தை அம்மாவிடம் ஒட்டுவது பாலுக்காக என்பதில் ஃப்ராய்டின் வழிவந்தவர்களும் நடத்தையியலாரும் அபூர்வமாக ஒத்துப்போனார்கள். ஹார்லோ தாய்க்குப் பதிலாக இரண்டு பொம்மைகளை வைத்தார். குட்டிகள் பால் தந்த கம்பித் தாயிடம் குடித்துவிட்டு, துணி சுற்றிய தாயிடமே போய் ஒட்டிக்கொண்டு கிடந்தன. எதிரெதிர் முகாம்கள் இரண்டும் விவாதமே இல்லாமல் ஒப்புக்கொள்கிற இடத்தில் நின்று பாருங்கள், அங்கே ஓர் அனுமானம் புதைந்திருக்கும். பௌல்பிக்கு இந்தக் குட்டிகள் பெரிய துணையானது அதனால்தான்.

ராஜர்ஸின் இடறல் தீமை. மனிதன் அடிப்படையில் நல்லதை நோக்கி வளர்பவன் என்றால் இத்தனை கொடுமையும் எங்கிருந்து வந்தது? சூழலிலிருந்து என்றார் ராஜர்ஸ். அந்தச் சூழல் மனிதர்களால் ஆனதுதானே என்று அவருடைய நண்பரும் மனிதநேய உளவியல் முகாமைச் சேர்ந்தவருமான ரோலோ மே 1982-இல் திறந்த மடலிலேயே கேட்டுவிட்டார். ஃப்ராய்டிடம் சிக்கல் தலைகீழ். அவருடைய கோட்பாடு இடறுவதே இல்லை. ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளினாலும் விளக்கம் இருக்கும், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினாலும் விளக்கம் இருக்கும் என்று தத்துவஞானி கார்ல் பாப்பர் குறைசொன்னது இதைத்தான்.

சிலர் தம் அனுமானத்தைத் தாமே கவிழ்த்திருக்கிறார்கள். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு வழி இருந்தும் தப்பிக்க முயலவில்லை என்று 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் காட்டினார்கள். ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயரும் வைத்தார்கள். மூளை ஆய்வுகளைப் பார்த்த பிறகு, 2016-இல் அவர்களே எழுதினார்கள்: தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டோம், நீண்ட துன்பத்தில் சோர்ந்து கிடப்பதுதான் உயிரின் இயல்பான எதிர்வினை, தன்னால் மாற்ற முடியும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

எழுதிப் பாருங்கள்

படித்தது கைக்கு வர வேண்டுமென்றால் ஒரு சம்பவம் தருகிறேன். எட்டாம் வகுப்புப் பையன் முன்னேற்ற அறிக்கையை வீட்டில் காட்டாமல் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான். ஃப்ராய்டாக, ஸ்கின்னராக, ராஜர்ஸாக, பெக்காக, பௌல்பியாக ஆளுக்கு ஐந்து வரி எழுதுங்கள். எழுதும்போது மூன்று கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவன் தானாகத் தேர்ந்து செய்தானா, செய்யவைக்கப்பட்டானா? காரணம் அவனுக்குள் இருக்கிறதா, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறதா? விட்டுவிட்டால் இவன் நல்லதை நோக்கிப் போவானா, கெட்டதை நோக்கியா, இரண்டுமில்லாமல் எது பலன் தருகிறதோ அதை நோக்கியா? ஸ்கின்னருக்கான ஐந்து வரியில் ‘பயந்தான்’ என்ற சொல்லைக் காரணமாக எழுதிவிட்டீர்கள் என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அவரிடம் உள்ளுணர்ச்சி காரணமாகாது. முன்பு கையெழுத்துக்கு அறிக்கையை நீட்டியபோது என்ன கிடைத்தது என்று மட்டும்தான் கேட்பார்.

எந்தக் கோட்பாட்டுக்கு வரிகள் தயங்காமல் வந்தன என்று பாருங்கள். உங்களுடைய அனுமானம் அநேகமாக அதுதான். எனக்கு முதலில் ஸ்கின்னர்தான் சரளமாக வந்தார். அன்றுவரை மாணவர்களிடம் பெரிய மனசுக்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, எழுதியதை அந்தப் பையனிடமே படித்துக்காட்டினால் எந்த ஐந்து வரியில் தன்னை அடையாளம் கண்டுகொள்வான் என்று யோசியுங்கள். எதிலுமே இல்லை என்றாலும் விளக்கங்கள் எல்லாம் தவறு என்று ஆகிவிடாது. ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

சின்ன ஹான்ஸிடமிருந்து அதற்குப் பதில் கிடைத்தது. 1922-இல் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் ஃப்ராய்டிடம் வந்து, நான்தான் அந்தப் பையன் என்றான். திடகாத்திரமாக, எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்தான். ஹெர்பர்ட் கிராஃப் என்ற பெயரில் பிற்காலத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் இயக்குநராக இருந்தவன் அவன்தான். தன்னைப் பற்றிய வரலாற்றைப் படித்தபோது யாரோ ஒருவரின் கதையைப் படிப்பதுபோல இருந்தது, தன்னை அதில் அடையாளம் தெரியவே இல்லை என்று சொன்னான். க்முண்டன் என்ற ஊருக்குப் போன பயணத்தைப் பற்றிய இடத்தில் மட்டும், இது நானாக இருக்கலாமோ என்று லேசாகத் தோன்றியதாம்.